கூரையை உயர்த்தும் கம்பிவடம்

ஐக்கிய அமெரிக்காவிலே விடுமுறைக் காலத்தில் குடும்பத்துடன் காடும் மலையும் காணச் செல்வோர் சிலர், மடித்துச் சுருக்கத்தக்க சிறிய இல்லம் ஒன்றை மோட்டார் வண்டியின் பின்னே இழுத்துச் செல்வர். வீதியில் அது தாழ்ந்த ஒரு பெட்டி. தங்குமிடம் சேர்ந்ததும் கைப்பிடியைச் சுற்றினால், நான்கு மூலைகளிலும் கூரை ஒருங்கே உயரும். படுக்கைகள் வெளியே நீளும். கித்தான் துணியே சுவராக அமையும். இந்தியானா மாநிலத்து எல்க்கார்ட் மாவட்டம் பிரயாண வண்டிகளின் உற்பத்திக்குப் பெயர்பெற்றது. இவ்வகை வண்டியின் கூரையை உயர்த்தும் கம்பிவடத்தைப் பேணும் முறைபற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பல நூறு இறாத்தல் நிறையுள்ள கூரையை ஒருவர் தனியாகவே உயர்த்துவது எங்ஙனம்? கைப்பிடி பற்சக்கரங்களைச் சுழற்ற, உருளையொன்றில் வடம் சுற்றப்படுகிறது. பல வண்டிகளில் அவ்வடம் தளத்தின் அடியிற் சென்று, மூலைக்கு ஒன்றாகப் பிரியும் நான்கு வடங்களை இழுக்கிறது. அவை கப்பிகளின்மேல் ஓடி, ஒன்றினுள் ஒன்று செருகிய கம்பங்களை மேலெழச் செய்கின்றன. வேலை செய்யும் வடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதலால் அது கவனிப்பாரற்றுக் கிடப்பதும் உண்டு.

இக்கம்பிவடத்தின் பிறப்பிடம் சுரங்கமாகும். ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில், கிளவுஸ்தால் என்னும் ஊரிலே, சுரங்க அதிகாரியாகிய வில்ஹெல்ம் அல்பேர்ட் என்பார் 1834ஆம் ஆண்டில் இதனைப் பயன்படுத்தினார். சங்கிலியில் ஒரு கண்ணி முறிந்தால் சுமை முழுவதும் வீழ்ந்துவிடும். அவரோ நான்கு இரும்புக் கம்பிகளை ஒரு புரியாக்கி, மூன்று புரிகளை முறுக்கி வடமாக்கினார். ஒரு கம்பி அறுந்தாலும் ஏனையவை சுமையைப் பகிர்ந்து கொள்ளும். வடம் முன்னதாக எச்சரிக்கிறது. ஆனால், பார்ப்பவனுக்கே அந்த எச்சரிக்கை பயன்படும்.

வடம் ஒரே துண்டு இரும்பு அன்று. பல கம்பிகளின் கூட்டம். கப்பியின்மேல் வளையுந்தோறும் அக்கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்கின்றன. எண்ணெய் வற்றினால் அவை தேய்கின்றன. இடைவெளியில் நீர் புகுந்து துருவும் பிடிக்கிறது. அந்நாட்டின் வடமாநிலங்களில் மாரிக்காலத்தில் பனியை உருக்க வீதிகளில் உப்பிடுவர். அவ்வுப்புநீர் தெறித்தால் துரு மேலும் விரைந்து பரவும். புறத்தே நலமாகத் தோன்றும் வடமும் அகத்தே நலிந்திருக்கலாம்.

எனவே, பிரயாணப் பருவம் தொடங்குமுன் வடம் முழுவதையும் பார்த்தல் வேண்டும். வெறுங்கையால் தடவலாகாது, அறுந்த கம்பி ஊசிபோற் குத்தும். தடித்த கையுறை அணிந்து, பழந்துணியொன்றை வடத்தின்மேல் மெல்ல ஓட்டினால், அறுந்த இடத்தில் நூல் சிக்கிக்கொள்ளும். புரிகளுக்கிடையே செந்தூள் கசிகின்றதா, வடம் நசுங்கியோ கொக்கிபோல மடிந்தோ உள்ளதா என்பனவற்றையும் நோக்குக. இக்குறைகளுக்கு எண்ணெய் மருந்தாகாது. வடத்தை மாற்றுதலே தக்கது.

குறையற்ற வடத்தை முதலில் தூரிகையாலும் துணியாலும் துடைத்து உலர்த்துக. பின்னர் உட்புகும் இயல்புடைய மெல்லிய எண்ணெயை இடுக. கெட்டியான கிறீசை மேலே அப்பினால் அது உள்ளே செல்லாது, புழுதியைப் பற்றிக்கொள்ளும், உள்ளிருக்கும் ஈரத்தையும் மூடிவைக்கும். கப்பியில் வளையுமிடத்திலே புரிகள் சற்று விரிகின்றன. அங்கே எண்ணெயிடுவது சிறந்தது. மிகுந்ததைத் துடைத்துவிடுக. கப்பிகள் தடையின்றிச் சுழல்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். சுழலாத கப்பி வடத்தை அரம்போல அராவும்.

எண்ணெய் படலாகாத இடமும் ஒன்றுண்டு. கைப்பிடியை விட்டதும் கூரை சரிந்துவிடாமற் பிடித்துநிற்கும் தடைத்தட்டுகள் சுழற்றும் பொறியினுள்ளே இருக்கலாம். அவற்றின் வலிமை உராய்விலேதான் இருக்கிறது. அங்கே எண்ணெய் சிந்தினால் பிடி நழுவும். வடத்திற்கு நன்மை செய்யும் துளியே தடைக்குத் தீங்காகிறது. எதனை எங்கே இடுவது என்று தயாரிப்பாளர் தந்த கைந்நூலைப் பார்த்து அறிதல் நலம்.

நேயர்களே, இவ்வேலைக்காகக் கூரையின் கீழே கையையோ தலையையோ நீட்டுமுன், உறுதியான மரத்தாங்கிகளை நிறுத்துதல் வேண்டும். வடத்தை மட்டும் நம்பலாகாது. கூரை உயரும்போதும் தாழும்போதும் பிள்ளைகளை விலகி நிற்கச் செய்க. குறித்த உயரத்தை எட்டியபின் மேலும் சுற்றுவதும் தவறு. கூரை நிற்க, வடம் மட்டும் இழுபட்டு நையும். கூரை முற்றாக இறங்கியபின் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தால், தளர்ந்த வடம் உருளையில் சிக்கும்.

பேணுதல் என்னும் நம் சொல்லுக்குக் காத்தல் என்றும் போற்றுதல் என்றும் பொருளுண்டு. கூரையின் கீழே துயிலும் குடும்பத்தைப் போற்றுபவன், அக்கூரையை உயர்த்தும் வடத்தையும் காப்பான். அதற்கு வேண்டுவன சிறிது எண்ணெய், ஒரு பழந்துணி, ஆண்டுதோறும் ஓரிரு மணி நேரம், அவ்வளவே.