காலால் கேட்கும் பாட்டு



என் குரல் எத்தனை கருவிகளைத் தாண்டி வந்தாலும், கடைசியில் உங்கள் வானொலிப் பெட்டியிலிருந்து காது வரையுள்ள இடைவெளியைக் காற்றுதான் கடக்க வைக்கிறது. இன்று நான் பேசப்போவது காற்றை நம்பாத ஒரு பாடகனைப் பற்றி. அவன் பாட்டு தரை வழியாகப் போகிறது. கேட்பவள் அதைக் காலால் கேட்கிறாள். இருவரும் சிலந்திகள்.

ஊர், சொனோரா பாலைவனம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் தென்பகுதியிலிருந்து மெக்சிகோவின் வடமேற்கு வரை பரந்து கிடக்கிறது. பாலை என்றதும் மணல்மேடும் ஒட்டகமும் மனதில் வந்தால் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இங்கே ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் உண்டு. குளிர்காலத்தில் நிதானமான தூறல். ஜூலை முதல் செப்டம்பர் வரை இடி மின்னலோடு திடீரென்று கொட்டித் தீர்க்கும் மழை. அந்த ஈரத்தை வைத்துக்கொண்டே 40 அடி உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது சகுவாரோ கள்ளி. மெஸ்கீட் என்று அங்கே சொல்லும் மரத்தைப் பார்த்தால் உங்களுக்கு அறிமுகமான முகமாகத் தெரியும். நம் கண்மாய்க் கரைகளைப் பிடித்துக்கொண்ட சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு அது. இந்த மரங்களும் செடிகளும் உதிர்க்கும் சருகு, பாறை இடுக்கிலும் மணல் மேலும் அங்கங்கே சேர்ந்து கிடக்கும். நம் கதைக்கு அந்தச் சருகு முக்கியம்.

சிலந்தியின் பெயர் ஹாப்ரோனாட்டஸ் டோசெனஸ். சார்ல்ஸ் கிரிஸ்வோல்ட் என்ற சிலந்தியியலாளர் 1987இல் இதைத் தனி இனமாக விவரித்துப் பெயர் சூட்டினார். துவரம்பருப்பு அளவு உடம்பு. தாவும் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. சிலந்திகளிலேயே மிகப் பெரிய குடும்பம் இதுதான்; 6,000க்கும் மேற்பட்ட இனங்கள். நம் வீட்டுச் சுவரில் ஈயைக் குறிவைத்துப் பதுங்கிப் பதுங்கிப் போய், சட்டென்று பாய்கிறதே ஒரு குட்டிச் சிலந்தி, அதுவும் இந்தக் குடும்பம்தான். இவை இரை பிடிக்க வலை பின்னுவதில்லை. கண்ணால் பார்த்து, கணக்குப் போட்டு, தாவும். தாவுவதற்கு முன் நின்ற இடத்தில் ஒரு நூலை ஒட்டிவிட்டுத்தான் கிளம்பும். காலை நீட்டுவதற்குப் பெரும்பாலும் தசையை நம்புவதில்லை. உடலுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தைக் காலுக்குள் செலுத்தி விசுக்கென்று நீட்டுகிறது.

கண்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எட்டுக் கண்கள். முகத்தின் நடுவில் பெரிதாக இரண்டு. மற்ற ஆறும் பக்கவாட்டிலும் பின்னாலும் எது அசைந்தாலும் தகவல் சொல்லும் காவல்காரர்கள். ஏதோ அசைகிறது என்று அவை சொன்னதும் சிலந்தி திரும்பி, நடுவிலுள்ள இரண்டால் உற்றுப் பார்க்கும். இந்த இரண்டும் நீண்ட குழாய்கள். முன்னால் இருக்கும் வில்லை அசையாது. பின்னால் இருக்கும் விழித்திரைதான் தசைகளின் இழுப்பில் அப்படியும் இப்படியும் நகர்ந்து, எதிரில் உள்ளதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவிப் பார்க்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது வெறித்து முறைப்பதுபோல் இருக்கும். உள்ளே விழித்திரை ஓடிக்கொண்டிருக்கும். இத்தனை சின்ன உடம்பில் இவ்வளவு கூர்மையான பார்வை வேறு எந்தப் பிராணிக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

இவ்வளவு நல்ல கண் இருந்ததுதான் ஆராய்ச்சியாளர்களைத் திசைதிருப்பிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

1889இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜார்ஜ் பெக்கம், எலிசபெத் பெக்கம் என்ற தம்பதியர் தாவும் சிலந்திகளின் காதலைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வு வெளியிட்டார்கள். ஜார்ஜ் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். ஆண் சிலந்தி முன்கால்களைத் தூக்கிக் காட்டி, பக்கவாட்டில் நடந்து, வண்ண முகத்தை நிமிர்த்தி ஆடுவதை இருவரும் பொறுமையாகப் பார்த்துக் குறித்தார்கள். அந்தக் காலத்தில் அது வெறும் பூச்சி வேடிக்கையாக இல்லை. ஆணின் அழகைப் பெண் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறாள், அதனால்தான் ஆணுக்கு அழகு கூடிக்கொண்டே போகிறது என்று டார்வின் 1871இல் எழுதியிருந்தார். பரிணாமக் கொள்கையை அவரோடு சேர்ந்து முன்வைத்த வாலஸ் இதை மட்டும் ஏற்கவில்லை. விலங்கினத்துப் பெண்ணுக்கு அவ்வளவு ரசனை ஏது என்பது அவர் பக்கத்து வாதம். பெக்கம் தம்பதியர் டார்வின் பக்கம் நின்றார்கள். ஆண் ஆடும்போது பெண் அவனையே கவனித்துக்கொண்டிருப்பதை அவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்தவர்கள்.

அவர்கள் பார்த்தது உண்மை. ஆனால் பார்த்ததோடு நின்றது. நூறு ஆண்டுகளுக்கும் மேல், தாவும் சிலந்தி என்றால் ஆட்டம், வண்ணம், கண் என்றே பேச்சு ஓடியது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேமியன் எலியாஸ் என்ற ஆராய்ச்சியாளர், தெற்கு அரிசோனாவின் அட்டஸ்கோசா மலைப்பகுதியில் பிடித்துவந்த டோசெனஸ் சிலந்திகளை ஆய்வகத்தில் ஆட விட்டார். ஒரு சட்டத்தில் நைலான் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, அதன் மேல் ஆணை விட்டார்கள்; எதிரில் ஒரு பெண். துணியின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, துணி எவ்வளவு அதிர்கிறது என்று அளந்தார்கள். நமக்குக் காதில் விழாத அந்த அதிர்வை ஒலிபெருக்கி வழியாகக் கேட்டபோது, ஆட்டத்துக்கு அடியில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. 2003இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

பாட்டில் மூன்று வகை ஒலி. குறுகிய தட்டு ஒன்று. உரசல் ஒன்று. பிறகு நீண்ட ரீங்காரம். அதில் வயிறு நொடிக்கு ஏறக்குறைய 65 முறை துடிக்கிறது. ஆண் தன் வயிற்றை அசைத்து இந்த ஒலிகளை எழுப்புகிறான். கால்கள் வழியாக அவை தரையில் இறங்குகின்றன. முன்காலை வெடுக்கென்று வீசினால் அதைத் தொடர்ந்து ஓர் ஒலி வரும். கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு முக்கியமான அசைவுக்கும் தரையில் ஒரு துணை இருக்கிறது. பெண்ணின் கால்களில் உள்ள நுண்ணிய பிளவு போன்ற உறுப்புகள் அந்த அதிர்வை உணர்கின்றன.

சரி, பாட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும்? எலியாஸும், ஐலீன் ஹெபட்ஸ் முதலான சக ஆய்வாளர்களும் 2005இல் அதையும் சோதித்துச் சொன்னார்கள். ஆணின் முன் உடலையும் வயிற்றையும் மெழுகால் சேர்த்து ஒட்டிவிட்டால் வயிறு அசையாது, பாட்டு நின்றுபோகும். ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கும். அந்த ஊமை ஆட்டக்காரர்களைப் பெண்கள் ஏற்றுக்கொள்வது நன்றாகவே குறைந்தது. எட்டுக் கண்ணும் திறந்திருக்க, எதிரில் முழு ஆட்டமும் நடக்க, பாட்டைக் காணோம் என்று ஒதுக்குகிறாள்! வாலஸ் இருந்திருந்தால் அவரிடம் காட்டியிருக்க வேண்டிய சோதனை இது. ஆணுக்கு இது வெறும் ஏமாற்றத்தோடு முடிகிற காரியமும் இல்லை. மனம் ஒப்பாத பெண் சில சமயம் ஆணைப் பிடித்துத் தின்றுவிடுவதும் இந்தக் குடும்பத்தில் வழக்கம்தான்.

இப்போது சருகுக்கு வருவோம். பாலைத் தரை ஒரே மாதிரி இருப்பதில்லை: பாறை, மணல், சருகு. மூன்றிலும் இந்தச் சிலந்தி நடமாடுகிறது. மூன்றிலும் அதிர்வு எப்படிப் பயணிக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். பாறை கனமானது, இத்தனை சின்ன உடம்பின் துடிப்பு அதை அசைக்காது. மணலில் இறங்கும் அதிர்வு சிறிது தூரத்திலேயே அடங்கிவிடும். காய்ந்த சருகு ஒன்றுதான் பாட்டைச் சிதைக்காமல் எடுத்துப் போகிறது. சருகின் மேல் பாடியவர்களுக்கே துணை கிடைக்கும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. பாலையில் தண்ணீர்தான் அரிது என்று நினைத்திருந்தோம். இவனுக்கு நல்ல மேடையும் அரிதுதான்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. சிலந்திகளுக்குக் காற்றில் வரும் ஒலி மிக அருகிலிருந்து வந்தாலொழியக் கேட்காது என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது. அதே கார்னெலில் வேறொரு தாவும் சிலந்தியின் மூளையில் மிக நுண்ணிய ஊசி வைத்து, நரம்புத் துடிப்பைப் பதிவு செய்துகொண்டிருந்தார் கில் மெண்டா. தற்செயலாக அவர் நாற்காலி கிறீச்சிட்டது, நரம்பு துடித்தது. மறுபடி நகர்த்தினார், மறுபடி துடித்தது. பிறகு கை தட்டிக்கொண்டே பின்னால் பின்னால் போய்ப் பார்த்தார்கள். மூன்று மீட்டருக்கு அப்பாலிருந்து வந்த ஒலியையும் சிலந்தி பிடித்தது. 2016இல் இது வெளியானது. தாழ்ந்த சுருதி ஒலிகள்தான் அதற்கு நன்றாகக் கேட்கின்றன. சிலந்தியை வேட்டையாடும் குளவிகளின் சிறகொலியும் ஏறத்தாழ அந்த அளவில்தான் இருக்கிறது.

மறுபடி பாட்டுக்கு வருவோம். டோசெனஸின் ஒன்றுவிட்ட உறவு ஒன்று அதே தெற்கு அரிசோனாவில் இருக்கிறது. ஹாப்ரோனாட்டஸ் புகில்லிஸ் என்று பெயர். இது பாலைத் தரையில் வாழ்வதில்லை. பாலைக்கு நடுவே தீவுகள்போல் எழுந்து நிற்கும் மலைகளின் ஓக் காடுகளில் வாழ்கிறது. பனியுகக் காலத்தில் குளிர் மிகுந்திருந்ததால் அந்தக் காடுகள் கீழே வரை இறங்கியிருந்தன. பூமி சூடேறியதும் காடு மலை ஏறிவிட்டது. இடையில் பாலை நுழைந்தது. ஒவ்வொரு மலையிலும் சிலந்திகள் தனித்தனியே மாட்டிக்கொண்டன. இன்று மலைக்கு மலை ஆணின் முக அலங்காரம் வேறு, ஆட்டம் வேறு, பாட்டும் வேறு.

ஊர்ப் பெண்ணுக்கு ஊர்ப் பையன்தான் பிடிக்கும் என்று நீங்கள் எதிர்பார்த்தால் ஆய்வாளர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் எதிர்பார்த்திருப்பார்கள். ஹெபட்ஸும் வெயின் மாடிசனும் சான்டா ரீட்டா மலைப் பெண்கள் முன்னால் சொந்த மலை ஆணையும் அட்டஸ்கோசா மலை ஆணையும் நிறுத்திப் பார்த்தார்கள். பெண்கள் அதிகம் ஏற்றது அயலூரானை. அட்டஸ்கோசா ஆண்களின் பாட்டும் ஆட்டமும் கூடுதல் சிக்கல் கொண்டவை. சான்டா ரீட்டாவில் அந்தப் பாட்டை ஒரு பெண்ணும் அதற்கு முன் கேட்டதில்லை.  கேட்ட மாத்திரத்தில் பிடித்துப்போயிருக்கிறது.