ஆர்ச்சி மேனிங்கும் ஆளத் தெரியாத அணியும்

அமெரிக்கக் கால்பந்தில் கிட்டத்தட்ட ஒவ்வொரு முயற்சியின் தொடக்கத்திலும் பந்து ஒருவர் கைக்கே வருகிறது. அவர்தான் குவார்ட்டர்பேக். பந்தைப் பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுப்பதா, முன்னே வெகுதூரம் ஓடிவிட்ட கூட்டாளிக்கு எறிவதா, தானே சுமந்துகொண்டு ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் அவர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த நொடிகளை அவருக்கு வாங்கித் தருபவர்கள் முன்னால் நிற்கும் ஐந்து தடுப்பாளர்கள். எதிரணியின் ஆஜானுபாகுவான ஆட்கள் பாய்ந்து வரும்போது இந்த ஐவர் சுவர் போல நிற்க வேண்டும். சுவர் உடைந்தால் குவார்ட்டர்பேக் பந்தோடு சேர்த்துத் தரையில் சாய்க்கப்படுவார். இதற்கு ஆட்ட வழக்கில் 'சேக்' என்று பெயர். கிரிக்கெட்டில் மறுமுனையில் யார் நின்றாலும் ஒரு நல்ல மட்டையாளர் தன் விக்கெட்டைத் தானே காத்துக்கொள்ளலாம். குவார்ட்டர்பேக்குக்கு அந்த வசதி கிடையாது. அவர் உடம்பு பிறர் கையில் இருக்கிறது. அந்தப் பிறரைத் தேர்ந்தெடுப்பதோ மைதானத்தில் இல்லாதவர்கள்: உரிமையாளர், மேலாளர், பயிற்சியாளர்.

இளம் வீரர்கள் தொழில்முறை அணிகளுக்கு வந்துசேரும் வழி இந்தச் சிக்கலை இன்னும் இறுக்குகிறது. 1936 முதல் என்எஃப்எல் எனப்படும் தேசியக் கால்பந்து லீக், கல்லூரி ஆட்டக்காரர்களை 'டிராஃப்ட்' என்ற முறையில் பங்கிடுகிறது. இது ஏலம் அல்ல. பணம் இங்கே பேசுவதில்லை. முந்தைய ஆண்டில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் தேர்வு, அடுத்த மோசமான அணிக்கு இரண்டாம் தேர்வு என்று வரிசை போகிறது. பலவீனமானவர்களைத் தூக்கிவிடுவதே நோக்கம். ஆனால் ஓர் அணி ஏன் மோசமாக ஆடுகிறது? பெரும்பாலும் அதை நடத்துபவர்களுக்கு நடத்தத் தெரியாததால். ஆக, நாட்டின் சிறந்த இளம் குவார்ட்டர்பேக், அவரை வைத்து என்ன செய்வதென்று தெரியாதவர்களின் வாசலில் கொண்டுபோய் விடப்படுகிறார். நல்லெண்ணத்தோடு வகுத்த விதியின் விசித்திரமான விளைவு இது. இதற்கு ஆர்ச்சி மேனிங்கைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மேனிங் 1949-இல் மிசிசிப்பி மாநிலத்தின் ட்ரூ என்ற சிற்றூரில் பிறந்தவர். மிசிசிப்பி பல்கலைக்கழக அணியில் ஆடியபோதே தென்மாநிலங்கள் முழுவதும் அவர் பெயர் பரவியிருந்தது. ஓடிக்கொண்டே எறிவது அவருக்குக் கைவந்த கலை. 1971 டிராஃப்டில் முதல் மூன்று இடங்களிலும் குவார்ட்டர்பேக்குகளே தேர்வானார்கள். ஜிம் பிளங்கெட்டை நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸும், மேனிங்கை நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸும், டான் பாஸ்டோரினியை ஹூஸ்டன் ஆய்லர்ஸும் எடுத்துக்கொண்டன.

செயின்ட்ஸ் அப்போது நான்கே சீசன் ஆடியிருந்த புது அணி. நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு அணி வழங்கப்பட்ட அறிவிப்பு 1966 நவம்பர் 1 அன்று, அனைத்துப் புனிதர்கள் திருநாளில் வந்தது. பெயரும் அதையொட்டி அமைந்தது. உரிமையாளர் ஜான் மீகம், எண்ணெய்ச் செல்வம் படைத்த குடும்பத்தின் வாரிசு. அணி கைக்கு வந்தபோது அவருக்கு வயது 27. அணியின் முதல் பெரிய முடிவே பின்னால் வரவிருந்ததற்குக் கட்டியம் கூறியது. 1967 டிராஃப்டின் முதல் தேர்வு செயின்ட்ஸ் கையில் இருந்தது. அதை பால்டிமோர் கோல்ட்ஸிடம் தள்ளிவிட்டு, அங்கே மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்திருந்த கேரி கூஸோ என்ற குவார்ட்டர்பேக்கை வாங்கினார்கள். கூஸோ ஒரே ஆண்டில் வேறு அணிக்குப் போய்விட்டார். கோல்ட்ஸ் அந்தத் தேர்வைக் கொண்டு எடுத்த பப்பா ஸ்மித், லீகின் அச்சுறுத்தும் தற்காப்பு வீரர்களில் ஒருவரானார்.

மேனிங்கின் முதல் ஆட்டம் 1971 செப்டம்பர் 19 அன்று, டுலேன் மைதானத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸுக்கு எதிராக நடந்தது. ஆட்டத்தின் கடைசி முயற்சி. புள்ளி தரும் எல்லைக் கோடு ஒரு கெஜ தூரத்தில். மேனிங் பந்தை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் ஓடி, இடித்துக்கொண்டு கோட்டைக் கடந்தார். 24-20 என்று செயின்ட்ஸ் வென்றது. சில வாரங்கள் கழித்து, அந்த சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வெல்லவிருந்த டல்லாஸ் கௌபாய்ஸையும் வீழ்த்தியது. நகரம் கொண்டாடியது. ஆனாலும் சீசன் முடிவில் நான்கே வெற்றி. அடுத்த ஆண்டு இரண்டு.

1972-இல் மீகம் ஓர் அபூர்வமான நியமனத்தைச் செய்தார். அணியின் நிர்வாகத் துணைத் தலைவராக வந்தவர் ரிச்சர்ட் கோர்டன். 1969 நவம்பரில் அப்பல்லோ 12 பயணத்தில் இரு தோழர்கள் நிலவில் இறங்கி நடந்தபோது, தனியாகக் கலத்தில் இருந்து நிலவைச் சுற்றி வந்த விண்வெளி வீரர். அவர் அறிவிலோ துணிவிலோ யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. கால்பந்து அணியை நடத்திய அனுபவம்தான் அவருக்கு இல்லை. அடுத்த டிராஃப்டுக்கு முன், 1973-இல், அணி தன் முதல் சுற்றுத் தேர்வை மறுபடியும் கோல்ட்ஸிடமே கொடுத்து, பில்லி நியூசம் என்ற தற்காப்பு வீரரை வாங்கியது. கோல்ட்ஸ் அதைக் கொண்டு எடுத்தது பெர்ட் ஜோன்ஸை. அவர் செயின்ட்ஸின் சொந்த மாநிலமான லூசியானாவின் பிள்ளை. 1976-இல் லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது.

பயிற்சியாளர்களும் நிலைக்கவில்லை. மேனிங்கை எடுத்த ஜே. டி. ராபர்ட்ஸ் 1973 சீசன் தொடங்குவதற்கு முன்பே நீக்கப்பட்டார். பிறகு ஜான் நார்த், எர்னி ஹெஃபர்லி, ஹாங்க் ஸ்ட்ராம், டிக் நோலன், டிக் ஸ்டான்ஃபெல், பம் ஃபிலிப்ஸ். தற்காலிகமாக வந்தவர்களையும் சேர்த்தால் ஏழு பேர். இது வெறும் ஆள்மாற்றம் அல்ல. ஒவ்வொரு பயிற்சியாளரும் தனக்கென்று ஓர் ஆட்டத் திட்டத்தோடு வருகிறார். ஒவ்வொரு ஆட்ட அமைப்புக்கும் ஒரு குறிப்புப் பெயர் உண்டு. யார் எத்தனை கெஜம் ஓடி எந்தப் பக்கம் திரும்புவார் என்பதெல்லாம் அதில் அடக்கம். குவார்ட்டர்பேக் அவை அத்தனையையும் மனப்பாடம் செய்து, மைதானத்தில் கூட்டாளிகளுக்கு உரக்கச் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் மாறினால் படித்ததை எல்லாம் மறந்து முதலிலிருந்து படிக்க வேண்டும். முன்னே நிற்கும் ஐவரும் அப்படியே. புதுத் திட்டத்தில் யார் யாரை மறிப்பது என்று ஒரு கணம் குழம்பினாலும் அடி விழுவது மேனிங் மீது.

ஓயாமல் அடிபடும் இளம் குவார்ட்டர்பேக்கிடம் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. கண்கள் தொலைவில் ஓடும் கூட்டாளியைத் தேட வேண்டும். மாறாக, பாய்ந்து வருபவரைப் பார்க்கத் தொடங்குகின்றன. பந்து அவசரத்தில் கையை விட்டுப் போகிறது, எதிராளி பிடித்துக்கொள்கிறார். மேனிங் தொழில்முறையில் எறிந்த டச் டவுன்கள், அதாவது எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து புள்ளி தந்த எறிதல்கள், 125; எதிரணியிடம் பறிகொடுத்தவை 173. செயின்ட்ஸில் மட்டும் அவர் முந்நூறுக்கும் மேற்பட்ட முறை சேக் செய்யப்பட்டார். தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதால் 1976 சீசன் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை.

அந்த ஆண்டுதான் ஸ்ட்ராம் வந்தார். 1970 ஜனவரியில், நியூ ஆர்லியன்ஸின் அதே டுலேன் மைதானத்தில், கான்சஸ் சிட்டி சீஃப்ஸை சூப்பர் பவுல் வெற்றிக்கு நடத்தியவர். பெரிய பெயரை வாங்கினால் வெற்றி தானே வந்துவிடும் என்பது திணறும் நிர்வாகங்களின் வாடிக்கையான நம்பிக்கை. 1977 டிசம்பரில், தொடங்கியதிலிருந்து 26 ஆட்டங்களை வரிசையாகத் தோற்றிருந்த டாம்பா பே பக்கனியர்ஸ், தன் முதல் வெற்றியை செயின்ட்ஸின் சொந்த மைதானமான சூப்பர்டோமில் வந்து எடுத்துக்கொண்டது. அந்த சீசனோடு ஸ்ட்ராமும் போனார்.

நோலனின் கீழ் சற்று வெளிச்சம் வந்தது. 1978-இல் மேனிங் தன் பிரிவின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். 1979-இல் எட்டு வெற்றி, எட்டுத் தோல்வி. தோல்விகள் வெற்றிகளை மிஞ்சாத முதல் சீசன் செயின்ட்ஸுக்கு அதுதான். அந்த ஆண்டும் நிர்வாகம் தன் குணத்தை விடவில்லை. முதல் சுற்றில், 11-ஆம் இடத்தில், ரஸ்ஸல் எர்க்ஸ்லெபன் என்ற உதையாளரை எடுத்தது. அணிக்கு அடுத்தடுத்துக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசியில் பந்தைத் தொலைவுக்கு உதைத்து அனுப்புவதே அத்தகையவரின் முதன்மை வேலை. இவர்களை முதல் சுற்றில் எடுப்பது அன்றும் இன்றும் அபூர்வம். இரண்டு இடம் தள்ளி சான் டியேகோ எடுத்த கெலன் வின்ஸ்லோ பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் எனும் புகழ்பெற்றோர் மன்றத்துக்குச் சென்றார்.

சீசனின் முதல் ஆட்டத்திலேயே அந்தத் தேர்வு சோதனைக்கு வந்தது. அட்லான்டா ஃபால்கன்ஸோடு 34-34 என்று சமன். கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எர்க்ஸ்லெபன் உதைக்க நின்றார். பந்து அவர் தலைக்கு மேலே பறந்து போனது. தன் எல்லைக் கோட்டருகே ஓடிப் பிடித்தவர், நெருங்கிவந்த எதிராளிகளைப் பார்த்துப் பதறிப் பந்தை எப்படியோ எறிந்தார். ஃபால்கன்ஸின் ஜேம்ஸ் மேபெரி அதைப் பிடித்து, சில அடி எடுத்து வைத்துக் கோட்டைத் தாண்டினார். 40-34. இது நடந்தபோது மேனிங் மைதானத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். டிசம்பரில் ஓக்லாந்து ரெய்டர்ஸுக்கு எதிராக 35-14 என்று முன்னிலையில் இருந்த ஆட்டமும் 42-35 என்று கைநழுவியது. ரெய்டர்ஸின் குவார்ட்டர்பேக் கென் ஸ்டேப்ளர். அந்தப் பெயர் இந்தக் கதையில் மறுபடி வரும்.

1980-இல் அணி அடியோடு சரிந்தது. முதல் 14 ஆட்டங்களும் தோல்வி. ரசிகர்கள் மளிகைக் கடைக் காகிதப் பைகளில் கண்ணுக்கு ஓட்டை போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். யார் என்று தெரிந்துவிட்டால் வெட்கம். வராமல் இருந்திருக்கலாம், ஆனால் வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டிசம்பர் 7 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் இடைவேளையின்போது செயின்ட்ஸ் 35-7 என்று முன்னிலை. எதிரணியின் குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானா. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 38-35 என்று செயின்ட்ஸின் தோல்வியில் முடிந்தது. 1979 டிராஃப்டில் மொன்டானா 82-ஆவது இடம்வரை கேட்பாரற்றுக் கிடந்தவர். அதற்கு செயின்ட்ஸை மட்டும் குறை சொல்ல முடியாது, எல்லா அணிகளும் அவரைக் கடந்து போயிருந்தன. ஒரு வாரம் கழித்து நியூயார்க் ஜெட்ஸை 21-20 என்று வென்றதே அந்த சீசனின் ஒரே வெற்றி.

இவ்வளவுக்கும் மேனிங் ஏன் வேறு அணிக்குப் போகவில்லை என்ற கேள்வி இயல்பானது. போக வழியில்லை. ஒப்பந்தம் முடிந்த வீரரை வேறொரு அணி எடுத்தால், பழைய அணிக்கு ஈடாக ஆட்டக்காரர்களையோ டிராஃப்ட் தேர்வுகளையோ தர வேண்டும்; இரு அணிகளும் உடன்படாவிட்டால் இழப்பீட்டை லீக் ஆணையரே நிர்ணயிப்பார். 1963-இல் வந்த இந்த ஏற்பாடு, ஆணையர் பீட் ரோசெல் பெயரால் ரோசெல் விதி எனப்பட்டது. விலை எவ்வளவு என்று தெரியாத பண்டத்தைத் தொடப் பெரும்பாலான அணிகள் துணியவில்லை. நீதிமன்றங்கள் தலையிட்ட பின்னும் வேறு வடிவங்களில் தடைகள் நீடித்தன. வீரர்கள் உண்மையில் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை 1993-இல்தான் வந்தது. 1982-இல் மேனிங் வெளியேறியதும் அவர் தேர்வாக அமையவில்லை. ஃபிலிப்ஸ் ஹூஸ்டனில் தன்னிடம் ஆடிய ஸ்டேப்ளரை 36 வயதில் அழைத்து வந்தார். மேனிங்கை, ஒரு தடுப்பாளருக்கு மாற்றாக, ஆய்லர்ஸுக்கு அனுப்பினார். ஆய்லர்ஸும் அப்போது சரிந்துகொண்டிருந்த அணி. பிறகு மினசோட்டா வைக்கிங்ஸ். 1984-இல் சிகாகோ பேர்ஸ் அவரை ஒரே ஆட்டத்தில் 11 முறை சாய்த்தது. அந்த சீசனோடு அவர் ஓய்வு பெற்றார். தொடக்க ஆட்டக்காரராக அவர் கணக்கு 35 வெற்றி, 101 தோல்வி, 3 சமன்.

நல்ல நிர்வாகம் கிடைத்திருந்தால் அவர் எவ்வளவு உயர்ந்திருப்பார் என்பதை யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் அக்கால இருவரின் கதை ஒரு குறிப்பைத் தருகிறது. டெர்ரி பிராட்ஷா 1970-இன் முதல் தேர்வாக பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்குப் போனவர். முதல் ஆண்டில் 6 டச் டவுன், 24 பறிகொடுப்பு. மேனிங்கின் முதல் ஆண்டு இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஸ்டீலர்ஸின் ரூனி குடும்பம் பொறுமை காத்தது. பயிற்சியாளர் சக் நோல் தன் முதல் சீசனில் ஒரே ஆட்டம் வென்றவர். அவரை வைத்துக்கொண்டார்கள், 23 சீசன் இருந்தார். 1974 டிராஃப்டில் மட்டும், பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் சென்ற நால்வரை அணி எடுத்தது. பிராட்ஷா நான்கு சூப்பர் பவுல் வென்றார். மற்றவர் பிளங்கெட். நியூ இங்கிலாந்தில் அடிபட்டு, சான் ஃபிரான்சிஸ்கோவில் கழற்றிவிடப்பட்டு, ரெய்டர்ஸில் மாற்று ஆட்டக்காரராக ஒதுங்கியிருந்தார். 1980-இல் அங்கே முதல் இடத்தில் இருந்த பாஸ்டோரினியின் கால் முறிய, பிளங்கெட் உள்ளே வந்தார். 1981 ஜனவரியில் சூப்பர் பவுலை வென்று அந்த ஆட்டத்தின் சிறந்த வீரருமானார். ஆட்டம் நடந்த இடம், சில வாரங்களுக்கு முன்வரை காகிதப் பைகள் நிறைந்திருந்த அதே சூப்பர்டோம்.

1985-இல் மீகம் அணியை டாம் பென்சனுக்கு விற்றார். பென்சன் ஜிம் ஃபிங்க்ஸ் என்ற அனுபவசாலியிடம் நிர்வாகத்தைக் கொடுத்தார். ஜிம் மோரா பயிற்சியாளரானார். 1987-இல் 12 வெற்றி, 3 தோல்வி. 21-ஆவது சீசனில்தான் செயின்ட்ஸ் முதன்முறையாகத் தோல்விகளைவிட அதிக வெற்றிகளைக் கண்டது.

மேனிங்கின் மகன்கள் பெய்டனும் ஈலையும் குவார்ட்டர்பேக்குகளானார்கள். 2004 டிராஃப்டின் முதல் தேர்வு, முந்தைய ஆண்டு நான்கே ஆட்டம் வென்ற சான் டியேகோ சார்ஜர்ஸ் கையில் இருந்தது. ஈலை அங்கே ஆட மாட்டார் என்று குடும்பம் முன்கூட்டியே தெரிவித்தது. சார்ஜர்ஸ் அவரையே எடுத்து, சற்று நேரத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு மாற்றிவிட்டது. தந்தையைப் பலர் ஏசினார்கள். ஈலை ஜயன்ட்ஸில் இரண்டு சூப்பர் பவுல் வென்றார். ஆனால் மேனிங் குடும்பத்தின் கணிப்பு முழுக்கச் சரி என்றும் சொல்ல முடியாது. அதே 2004-இல் சார்ஜர்ஸ் ட்ரூ பிரீஸ் என்ற குவார்ட்டர்பேக்கோடு 12 ஆட்டங்கள் வென்றது.

அந்த பிரீஸை சார்ஜர்ஸ் தோள் காயத்துக்குப் பின் போகவிட்டது. 2006-இல் அவரை நம்பி எடுத்துக்கொண்டது நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ். அந்த ஆண்டுதான் ஷான் பேட்டனும் பயிற்சியாளராக வந்திருந்தார். 2010 பிப்ரவரியில் செயின்ட்ஸ் தன் முதல் சூப்பர் பவுலை 31-17 என்று வென்றது. எதிரணி இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ். அதன் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங். ஆட்டம் முடிய மூன்று நிமிடங்களுக்குச் சற்று அதிகமே இருந்தபோது பெய்டன் எறிந்த பந்தை, செயின்ட்ஸின் டிரேசி போர்ட்டர் இடையில் புகுந்து பறித்து, 74 கெஜம் ஓடி டச் டவுனாக்கினார்.