தந்தை வைத்த தனம்



தந்தை மக்களுக்கு வைத்துச் செல்வது நிலமும் பொன்னுந்தானோ? திருவாரூர் ராமசுவாமி தீக்ஷிதர் (1735–1817) வைத்த தனம் வேறு. ஹம்ஸத்வனி ராகத்தைப் படைத்தவர் அவர். 108 ராகதாளமாலிகை இயற்றியவர். அத்தகைய வித்வான், தம் வித்தையொன்றே போதுமென மக்களை அடக்கி வைத்தாரில்லை. மூத்த புதல்வர் முத்துசுவாமியை யோகியொருவருடன் காசிக்கனுப்ப, பிரிவாற்றாத நிலையிலும் இசைந்தாரென்பர். இளைய புதல்வர் பாலுசுவாமி சென்னையில் ஐரோப்பியரிடம் பிடில் கற்றார். அவ்வாத்தியமின்றி இன்று நம் கச்சேரியில்லை.

பின்னர் முத்துசுவாமி, தந்தை கண்ட ஹம்ஸத்வனியிலேயே 'வாதாபி கணபதிம்' இயற்றினார். இன்றும் அதனைக் கொண்டே பல கச்சேரிகள் தொடங்குகின்றன. தந்தையின் ராகம் மகனால் நாடெங்கும் பரவிற்று.

பெற்றோர்களே! நம் பிள்ளைகள் வேறு வித்தையை நாடி வெளியூர் செல்ல விரும்பினால், தடுக்குமுன் இத்தந்தையை நினைவுகூருமாறு வேண்டுகிறேன்.