எல்லை தாண்டும் உதிரிப் பாகங்கள்: செலவு எங்கே கூடுகிறது?

(ஏற்றுமதி நடைமுறைகள் குறித்த பயிற்சி வகுப்பில், மாணவர்களும் சுங்க, போக்குவரத்துத் துறை அலுவலர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



டாக்கா நகரில் ஒரு பணிமனையில் ஒரு பேருந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பிரேக் டிரம்மில் விரிசல் கண்டிருக்கிறது. பேருந்து இந்தியாவில் செய்யப்பட்டது. ஆகவே அதற்குரிய டிரம்மும் இந்தியாவிலிருந்தே வரவேண்டும். 1964-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நமது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறு தொழிலதிபரிடம் அந்த டிரம் ஆயத்தமாக இருக்கிறது. விலையும் அதிகமன்று. ஆனால் அது டாக்காவைச் சென்றடையும்போது அதன் விலை என்னவாக இருக்கும், அதுவரை அந்தப் பேருந்து எத்தனை நாட்கள் வருமானமின்றி நிற்கும் என்பவைதாம் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

தொலைவு கூடினால் செலவு கூடும் என்பது பொதுவான எண்ணம். சென்னையிலிருந்து கொல்கத்தா வரை சாலை வழியாக ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர். அங்கிருந்து எல்லையிலுள்ள பெட்ராபோல் இன்னுமொரு 80 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 350 கிலோமீட்டர் ஓடும் லாரி இந்த வழியை ஐந்து நாட்களில் கடந்துவிடும். பெட்ராபோலுக்கும் அதற்கு எதிரே வங்கதேசத்திலுள்ள பெனாபோலுக்கும் இடையேயுள்ள தொலைவோ நடந்தே கடக்கக் கூடியது. ஆனால் உலக வங்கி 2021-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த எல்லையைச் சரக்கு கடப்பதற்கு 138 மணி நேரம் ஆவதாகக் கணக்கிட்டது. அதாவது ஐந்தே முக்கால் நாட்கள். சென்னையிலிருந்து எல்லை வரை வருவதற்கு ஆகும் காலத்தைவிட எல்லைக் கோட்டைத் தாண்டுவதற்கு ஆகும் காலம் அதிகம்! இதே அளவு போக்குவரத்துள்ள கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் ஆறு மணி நேரத்திற்கும் குறைவாகவே ஆகிறது என்றும் அவ்வாய்வு கூறியது.

இந்த 138 மணி நேரத்தில் சரக்கை ஏற்றி இறக்குவதற்கு ஆனது 28 மணி நேரம். எஞ்சிய 110 மணி நேரத்தில் பெரும் பகுதி காத்திருப்பு. காத்திருக்கும் லாரிக்கு வாடகை உண்டு. ஓட்டுநருக்குப் படி உண்டு. நிறுத்துமிடத்திற்குக் கட்டணம் உண்டு. சரக்கில் முடங்கிய முதலுக்கு வட்டியும் உண்டு. இவற்றில் ஒன்றேனும் டிரம்மின் தரத்தை உயர்த்துவதில்லை. விலையை மட்டும் உயர்த்துகின்றன.

காத்திருந்த பின்னர் நடப்பதையும் சொல்லவேண்டும். நமது லாரி எல்லையைக் கடந்து பெனாபோல் சரக்கு முற்றம் வரைதான் செல்லலாம். அங்கே சரக்கு இறக்கப்படும். பின்னர் அந்நாட்டு லாரியில் ஏற்றப்படும். நமது லாரி பெரும்பாலும் வெறுமையாகவே திரும்பும். ஏனெனில் நாம் அனுப்பும் அளவுக்கு அங்கிருந்து சரக்கு வருவதில்லை. வெறும் லாரி திரும்பும் செலவையும் போகும் சரக்கே தாங்கவேண்டும். பருத்தி மூட்டையை இருமுறை தூக்கிப் போட்டால் பெரிய கேடில்லை. வார்ப்பிரும்பால் ஆன டிரம்மை இருமுறை உருட்டினால் விளிம்பு உடையும். முகப்பு விளக்கின் கண்ணாடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனவே அனுப்புவோர் மரப்பெட்டியின் கனத்தைக் கூட்டுகின்றனர். எடை கூடுகிறது, கூலியும் கூடுகிறது.

இங்கே மாணவர்கள் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. இறக்குமதித் தீர்வை பொருளின் விலைக்கு மட்டும் விதிக்கப்படுவதில்லை. பொருளின் விலை, காப்பீடு, கேவு ஆகிய மூன்றையும் கூட்டிய தொகைக்கே நம் நாட்டிலும் வங்கதேசத்திலும் தீர்வை கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, நூறு ரூபாய்ப் பொருளுக்குக் கேவு பத்து ரூபாய் என்றும், தீர்வை 25 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். தீர்வை 25 ரூபாய் அன்று, இருபத்தேழரை ரூபாய். கேவு இருபது ரூபாயானால் தீர்வை முப்பது ரூபாய். இதற்கு மேல் விற்பனை வரிகளும் வரும். அவை தீர்வையையும் சேர்த்த தொகையின் மீது கணக்கிடப்படும். ஆகவே வழியில் வீணாகும் ஒரு ரூபாய், வாங்குபவரின் கையில் ஒரு ரூபாயாக நிற்பதில்லை. வரிகளோடு சேர்ந்து வளர்கிறது. கேவைக் குறைப்பது தீர்வையையும் குறைக்கும் என்பதைச் சிறு ஏற்றுமதியாளர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பெட்டியும் பட்டியலும்

உதிரிப் பாகங்கள் மற்றச் சரக்குகளைப் போன்றவை அல்ல. ஒரே பெட்டியில் ஐம்பது வகைப் பொருள்கள் இருக்கும். சுங்க வகைப்பாட்டில் மோட்டார் வாகன உதிரிப் பாகங்களுக்கென்று 8708 என்ற தலைப்பு எண் இருப்பது உண்மையே. ஆனால் வாகனத்தில் பொருத்தப்படும் அனைத்தும் அதில் அடங்கா. டயர் 4011-இல் வரும். பேரிங் 8482-இல் வரும். பிஸ்டன் 8409, விளக்குகள் 8512, பின்பார்வைக் கண்ணாடி 7009, மின்கலம் 8507, இரும்புப் போல்ட், நட்டு 7318. ஷூவில் பொருத்திய பிரேக் லைனிங் 8708. பொருத்தாத லைனிங் 6813. தலைப்பு எண் மாறினால் தீர்வை விகிதமும் மாறக்கூடும்.

நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறேன். சிறு ஏற்றுமதியாளர் ஒருவர் லைனிங்குகளைத் தனியாகவும் ஷூக்களைத் தனியாகவும் அனுப்பினார். பட்டியலில் இரண்டையும் ஒரே எண்ணின்கீழ் எழுதிவிட்டார். தவறு சிறியது, ஏமாற்றும் நோக்கம் அவருக்கு அறவே இல்லை. ஆனால் மறுபுறத்தில் பெட்டிகள் அனைத்தும் திறக்கப்பட்டன. ஒரு வரியைத் திருத்துவதற்குப் பதினோரு நாட்கள் ஆயின. அந்தச் சரக்கில் அவருக்குக் கிடைக்கவேண்டிய இலாபத்தை நிறுத்துமிடக் கட்டணமே விழுங்கிவிட்டது. அடுத்த ஆண்டு அவர் ஏற்றுமதியை விட்டுவிட்டு உள்நாட்டு வியாபாரத்தோடு நின்றுகொண்டார். அலுவலர்களாகிய நீங்கள் இதனை நினைவிற் கொள்ளவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விதி தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஐயத்துக்குரிய ஒரு பெட்டியைத் தனியே நிறுத்திவைத்து, எஞ்சியவற்றை விடுவிக்கும் வழக்கம் வேரூன்றவில்லை என்பதே என் குறை.

அடுத்து, இடமும் எடையும். விமானத்தில் அனுப்பினால், பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்வார்கள். அது உண்மையான எடையைவிட அதிகமானால் அதற்கே கட்டணம். 180 சென்டிமீட்டர் நீளமும் 50 அகலமும் 40 உயரமும் உள்ள பெட்டியில் பத்துக் கிலோ எடையுள்ள முன்புறக் கிரில் ஒன்றை அனுப்பினால், அறுபது கிலோவுக்குப் பணம் கட்டவேண்டும். கனத்த பிரேக் டிரம்முக்கோ அதன் உண்மையான எடைக்கே கட்டணம். கப்பலில் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பும்போது ஒரு கனமீட்டர் அல்லது ஒரு டன், இரண்டில் எது கூடுதலோ அதற்குக் கட்டணம். ஆகவே கனமான பொருளையும் பரும்பொருளையும் ஒருங்கே கட்டத் தெரிந்தவருக்குச் செலவு குறையும். டிரம்மின் உட்குழிவில் பேரிங்குகளையும் புஷ்களையும் அடுக்கி அனுப்பும் கைத்திறனை நம் தொழிற்பேட்டைகளில் காணலாம். ஆனால் இதிலும் ஒரு சங்கடம் உண்டு. இடத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பல எண்களுக்குரிய பொருள்களை ஒரே பெட்டியில் கலந்தால், சோதனை செய்பவருக்குச் சந்தேகம் எழும். தனித்தனியே கட்டினால் கேவு கூடும். பெட்டி எண், அதனுள் இருக்கும் பொருள், அதன் தலைப்பு எண், எண்ணிக்கை ஆகியவற்றை வரிசையாக எழுதிய பட்டியல் ஒன்றே இதற்கு மருந்து. மலிவான மருந்துதான், பொறுமை வேண்டும்.

வாகனத்தையே பிரித்துப் பெட்டியில் அடைத்து அனுப்பி, சேருமிடத்தில் பூட்டுவது இந்தக் கணக்கின் நீட்சியே. இது நமக்குப் புதிதன்று. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், சென்னை எண்ணூரில் ஆஸ்டின் கார்களை இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு பூட்டித்தான் தொழிலை ஆரம்பித்தது. அன்று பெட்டியைப் பிரித்தவர்கள் நாம். இன்று பெட்டியைக் கட்டுபவர்களும் நாம்.

மாற்று வழிகள்

சாலை ஒன்றே வழியா? 2020-ஆம் ஆண்டில் தொற்றுநோயின் காரணமாகப் பெட்ராபோல் வழியே சாலைப் போக்குவரத்து தடைப்பட்டபோது, ரயில்வே துறை ஒரு பாடம் கற்பித்தது. அவ்வாண்டு ஜூலை மாதம் ஆந்திராவின் குண்டூரை அடுத்த ரெட்டிபாலத்திலிருந்து 384 டன் மிளகாய் வற்றலைத் தனிப் பார்சல் ரயிலில் பெனாபோலுக்கு அனுப்பினார்கள். சாலை வழியே டன்னுக்கு 7,000 ரூபாய் ஆன இடத்தில் ரயிலில் 4,608 ரூபாய்தான் ஆயிற்று. அதற்கு முன்பு முழு சரக்கு ரயிலை அமர்த்தக் குறைந்தது 1,500 டன் சேர்க்கவேண்டும் என்ற நிலை இருந்தது. சிறு வியாபாரியால் அது இயலுமா? ரயில் மலிவானதற்கு அதன் வேகத்தைவிட, சிறிய அளவுக்கும் இடங்கொடுத்ததே முக்கியமான காரணம் என்பது என் கருத்து. அதே மாத இறுதியில் கொல்கத்தாவின் மாஜேர்ஹாட்டிலிருந்து 50 கண்டெய்னர்களுடன் முதல் கண்டெய்னர் ரயிலும் பெனாபோலுக்குச் சென்றது. மிளகாய்க்குப் பொருந்திய கணக்கு பிரேக் டிரம்முக்கும் பொருந்தும். ஆனால் அம்பத்தூரிலும் கிண்டியிலும் உள்ள இருபது பேர் தங்கள் பெட்டிகளை ஒருங்கே சேர்த்து அனுப்ப முன்வந்தால்தான் பொருந்தும்.

கடல்வழியும் உண்டு. 2015 ஜூன் மாதம் இந்தியாவும் வங்கதேசமும் கரையோரக் கப்பல் போக்குவரத்து உடன்பாடு செய்துகொண்டன. அதுவரை நம் கிழக்குக் கரைச் சரக்கு பெரும்பாலும் கொழும்பு அல்லது சிங்கப்பூர் சென்று கப்பல் மாறிச் சிட்டகாங் போய்ச் சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றிய கதை! 2017 அக்டோபர் 28 அன்று 185 லாரிகள், தாமே ஏறி இறங்கத்தக்க கப்பலொன்றில் சென்னைத் துறைமுகத்திலிருந்து மோங்லா துறைமுகத்துக்குப் புறப்பட்டன. அதற்கு முன் இத்தகைய புது லாரிகள் பெட்ராபோல் வரை சாலையில் ஓட்டிச் செல்லப்பட்டன. கடல்வழியில் இடையில் ஏற்றி இறக்கும் தொல்லை குறைகிறது. அவசரத் தேவைக்கு இது உதவாது. மாதந்தோறும் கடைக்கு வேண்டிய இருப்புக்கு உதவும்.

லாரி எல்லையில் நில்லாமல் நேரே டாக்கா வரை செல்லலாகாதா என்று கேட்கலாம். வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கு நாடுகளும் 2015 ஜூன் 15 அன்று திம்புவில் இதற்கான மோட்டார் வாகன உடன்பாட்டில் ஒப்பமிட்டன. அவ்வாண்டு நவம்பரில் கொல்கத்தாவிலிருந்து டாக்கா வழியாக அகர்தலாவுக்கு ஒரு லாரி வெள்ளோட்டமாகச் சென்றது. 2016-இல் டாக்காவிலிருந்து தில்லிக்கு மற்றொன்று வந்தது. வெள்ளோட்டங்கள் வெற்றி பெற்றன. ஆனால் வழக்கமான ஓட்டமாக வளரவில்லை. பூட்டானின் மேலவை 2016-இல் உடன்பாட்டை ஏற்க மறுத்ததும், நடைமுறை விதிகள் முற்றுப்பெறாததும் காரணங்கள்.

எல்லையில் ஒன்றுமே செய்யப்படவில்லை என்று கூறினால் அது நியாயமாகாது. பெட்ராபோலில் ஒருங்கிணைந்த சோதனைச்சாவடி 2016-இல் திறக்கப்பட்டது. 2017-இல் இரவும் பகலும் பணி நடக்க ஏற்பாடாயிற்று. லாரிகளுக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்யும் முறையை 2022-இல் மேற்கு வங்க அரசு கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூன் 25 அன்று பத்மா நதிப் பாலம் திறக்கப்பட்டதால், மறுபுறத்தில் படகுத்துறையில் காத்திருக்கும் காலம் மறைந்தது. 2024 அக்டோபர் 27 அன்று சரக்கு லாரிகளுக்கென இரு நாட்டுக்கும் பொதுவான ‘மைத்ரி துவார்’ என்ற வாயில் திறந்துவைக்கப்பட்டது. கொல்கத்தாவிலிருந்து வரும் ஜெசூர் சாலையோ இன்றும் முதுமரங்களுக்கிடையே ஒடுங்கிச் செல்கிறது. மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2023-இல்தான் அனுமதி கிடைத்தது. அந்த மரநிழலில் பயணம் செய்தவன் என்ற முறையில், இதில் யார் பக்கம் நிற்பது என்று என்னால் எளிதில் சொல்ல முடியவில்லை.

வாணிகத்துக்கு அரசியலிலிருந்து தனி வாழ்வில்லை என்பதையும் அண்மைக் காலம் காட்டிவிட்டது. 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி மாறிய நாட்களில் எல்லை வாணிகம் தடைப்பட்டது. 2025 ஏப்ரலில் அந்நாடு தரைவழியே நூல் இறக்குமதியை நிறுத்தியது. மே மாதத்தில் நமது அரசு தரைவழியே ஆயத்த ஆடைகள் வருவதைத் தடுத்தது. உதிரிப் பாகங்களைப் பற்றிய ஆணைகள் அல்ல அவை. எனினும் ஒரே வாயிலை நம்பித் தொழில் நடத்துபவர், அது ஓர் இரவில் மூடக்கூடும் என்பதைக் கணக்கில் கொள்ளவேண்டும். சாலை வழியை அவசரச் சரக்குக்கும், கடல் அல்லது ரயில் வழியை இருப்புச் சரக்குக்கும் என்று பிரித்து வைத்துக்கொள்வது இதற்காகவும்தான்.

இறுதியாக, என்னை உறுத்தும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஏற்றி இறக்கும் வேலையை ஒழித்தால் 28 மணி நேரம் மிச்சம் என்று காகிதத்தில் எழுதுவது எளிது. அந்த 28 மணி நேரம் எல்லையின் இரு புறத்திலும் பல குடும்பங்களின் கூலி. பெனாபோல் முற்றத்தில் டிரம்மைத் தோளில் சுமப்பவரும், போங்காவ்ன் நிறுத்துமிடத்தருகே ஓட்டுநர்களுக்குச் சோறு விற்பவரும் அந்தத் தாமதத்தைக் கொண்டே பிழைக்கிறார்கள். கண்டெய்னர் ரயில் அவர்களைக் கடந்து போகும். புதிய வாயில்களுக்கும் பாலங்களுக்கும் மதிப்பீடு தயாரிக்கும் அலுவலர்கள், சுமை தூக்கும் கருவிகளை இயக்கவும் சரக்குகளைச் சரிபார்க்கவும் இவர்களுக்குப் பயிற்சி தரும் செலவையும் அதே மதிப்பீட்டில் ஓர் இனமாகச் சேர்க்க இயலுமா? இந்தக் கேள்வியை, விடை தெரியாமலேயே, இந்த அவையின் முன் வைக்கிறேன்.