கடைவீதியில் கவிதை



பத்தாண்டு நிறைவு காணும் இவ்விழாவில், சமூக ஊடகங்களை நூல் விற்பனைக்குப் பயன்படுத்துவது பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். கவிஞர் அவையில் வணிகத்திற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நம் வீட்டுப் பரண்களில் கட்டுப் பிரிக்கப்படாமல் கிடக்கும் தொகுப்புகளே அதற்கு விடை. கடன் வாங்கி அச்சிட்ட நூலுக்கு, வெளியீட்டு விழா முடிந்த மறுநாள் கேட்பாரில்லை. படிக்க விரும்புவோர் எங்கோ இருக்கிறார்கள். அவர்களை அடையும் வழிதான் நம்மிடம் இல்லை.

அவ்வழியைக் கண்ட ஒருவரைச் சொல்கிறேன். ரூபி கவுர் 1992-இல் பஞ்சாபில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்துடன் கனடாவில் குடியேறியவர், ஆங்கிலத்தில் எழுதுபவர். தம் சிறு கவிதைகளைத் தாமே வரைந்த கோட்டோவியங்களுடன் இன்ஸ்டாகிராமில் வெளியிட்டு வந்தார். ‘மில்க் அண்ட் ஹனி’ என்னும் தொகுப்பை 2014-இல் தாமே பதிப்பித்தார். மறு ஆண்டே அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று அதனை ஏற்று வெளியிட்டது. பல இலட்சம் படிகள் விற்றன. அவர் முதலில் கவிதையைக் கொடுத்தார், வாசகர் சேர்ந்தனர், அதன் பின்னரே நூல் விலைபோனது.

நாமும் அவ்வாறு செய்யலாம். ‘வாங்குங்கள்’ என்று நாளும் கூவுவதைவிட, நல்ல கவிதை ஒன்றை இட்டு, அதனடியில் நூலின் விலையையும் பெறும் வழியையும் இரண்டே வரிகளில் குறிப்பது பயன் தரும். 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், நூற்பட்டியலைப் படத்துடனும் விலையுடனும் வைக்க இன்று வசதி உண்டு. கேட்பவருக்கு உடனே விடை கூறி, பணம் வந்த அன்றே அஞ்சலில் சேர்த்துவிட்டால், அவரே நான்கு பேரிடம் எடுத்துச் சொல்வார்.

எனினும் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, அந்தக் கடைவீதி நமக்குச் சொந்தமன்று. நண்பர், உறவினர் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று முகநூல் 2018 ஜனவரியில் அறிவித்தது. வணிகப் பக்கங்கள் பின்தள்ளப்பட்டன. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தது. அதில் தம் வாடிக்கையாளரைச் சேர்த்து வைத்திருந்தோர் தொடர்பை இழந்தனர். 2021 அக்டோபர் 4 அன்று முகநூலும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. ஆகவே நூல் வாங்குவோரின் பெயரையும் முகவரியையும், அவர்தம் இசைவுடன், நம் சொந்தக் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும்.

இரண்டாவது, நம்மைப் பற்றியது. இன்ஸ்டாகிராம் 2015 ஆகஸ்ட் வரை சதுரப் படங்களையே ஏற்றது. அச்சதுரத்துள் அடங்கும் கவிதைக்குப் பாராட்டு மிகுதி என்று கண்டால், நெடுங்கவிதை எழுதும் கை மெல்லத் தயங்கும். நேற்றைய விருப்பக் குறிகளை எண்ணிவிட்டு இன்றைய கவிதையைத் தொடங்கும் ஆசை எனக்கும் வந்ததுண்டு. எழுதி முடித்த பின்னரே கடையைத் திறப்பது என்று அதன் பிறகு உறுதி செய்துகொண்டேன்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். தனித்தனியே அலைவதை விட்டு, உறுப்பினர் நூல்கள் அனைத்திற்கும் பொதுப் பட்டியல் ஒன்றையும், பொது வாசகர் முகவரிப் பதிவேடு ஒன்றையும் நம் வட்டம் பதினோராம் ஆண்டில் தொடங்கட்டும். பரண்கள் காலியாகட்டும்.