கேட்கவும் கொடுக்கவும்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தலைமைத்துவம் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். நாங்கள் அதை முதலில் பழகிய இடம் இந்த மைதானம்தான். வலைப்பந்தாட்டத்தில் பந்தோடு ஓட முடியாது. பிடித்தவள் மூன்று வினாடிக்குள் அதை விட்டாக வேண்டும். உரத்துக் கேட்கத் தெரியாதவளுக்குப் பந்து வராது. கொடுக்கத் தெரியாதவளால் அணிக்குப் பயனில்லை. ஆனால் மைதானத்துக்கு வெளியே, குரலை உயர்த்திய பிள்ளையை "வாய்க்காரி" என்று சொன்னவர்களும் நாங்கள்தான்.

இரண்டு பழக்கத்தையும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோனோம். பல வருடங்களுக்கு முன்னர் ஓர் இரவு, ஒரு தாய்க்குச் சிசேரியன் செய்து வயிற்றை மூடத் தொடங்கியிருந்தோம். புதிதாக வந்த தாதி ஒருவர் மெதுவாக, "ஒரு துணி குறையுது டொக்டர்" என்றார். சத்திரசிகிச்சை செய்த நாங்கள் இருவரும் களைத்திருந்தோம். "பிழையாய் எண்ணியிருப்பீங்கள், திரும்ப எண்ணுங்கோ" என்றோம், நிமிர்ந்தும் பாராமல். அவர் எண்ணினார். பிறகு, "மூன்று தரம் எண்ணிப்போட்டன். ஒன்று குறையுது. மூடாதேங்கோ" என்றார். குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லி முடித்தார். கையை நிறுத்தித் தேடினோம். துணி வயிற்றுக்குள்தான் இருந்தது.

அந்தத் தாய் குழந்தையோடு சுகமாக வீடு போனார். எங்களுக்குத்தான் நித்திரை வரவில்லை. எங்கள் தொனிக்குப் பயந்து அந்தத் தாதி பேசாமல் இருந்திருந்தால்? அவருடைய பெயர்கூட அன்று எங்களுக்குத் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்க முன்னர் குழுவில் எல்லோரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. முடிவில் கருவி, துணி, ஊசி எல்லாவற்றின் எண்ணிக்கையையும் உறுதிப்படுத்த வேண்டும். எட்டு நகரங்களின் எட்டு வைத்தியசாலைகளில் இதைப் பயன்படுத்திப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. பெயர் சொன்னதால் மட்டும் அது நடந்திராது. ஆனால் தொடக்கத்தில் ஒருதரம் வாய் திறந்தவருக்கு, ஆபத்து நேரத்தில் இன்னொருதரம் திறப்பது சுலபம் என்பதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

எல்லா நேரமும் கலந்து பேசவும் முடியாது. பிரசவத்தின் பின் குருதி பெருகும்போது ஒருவர்தான் கட்டளையிட வேண்டும். "யாராவது இரத்தம் கொண்டுவாங்கோ" என்றால் ஒருவரும் அசையமாட்டார்கள். பெயர் சொல்லிக் கேட்டால், கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டு அவர் ஓடுவார். அந்த அதட்டலை அவர் தவறாக எடுப்பதில்லை; முன்னர் அவர் சொன்னதை நாங்கள் கேட்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். எல்லாம் முடிந்தபின் ஒன்றாக இருந்து பேசுவோம். அப்போது வயதில் இளையவர் முதலில் பேசுவார். பொறுப்பானவர் கடைசியில் பேசுவார்.

தங்கைமாரே, நாளை நீங்கள் பொறுப்பில் இருந்தால், மெதுவான குரல் கேட்டதும் கையை நிறுத்துங்கள். அந்த மெதுவான குரல் உங்களுடையதானால், மூன்றாம் தரமும் சொல்லுங்கள். வாய்க்காரி என்று சொன்னால் சொல்லட்டும்.

பந்தைக் கேட்கவும் கொடுக்கவும் எங்களைப் பழக்கிய ஆசிரியர்களுக்கு நன்றி.