போர் ஈசானி மூலையில, செப்டிக் டேங்க் வாயு மூலையில: நடுவுல எத்தனை அடி?

சாப்பிட்டுக்கிட்டே கேக்குறவங்க இருந்தா பாஸ் போட்டுட்டு, முடிச்சு கை கழுவிட்டு வாங்க. இன்னைக்குப் பேசப் போறது கிணத்துத் தண்ணியும் செப்டிக் டேங்க்கும். ரெண்டையும் ஏன் ஒரே எபிசோடுல வச்சேன்னு கேக்குறீங்களா? நிறைய வீட்டுல ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. அதுதான் பிரச்சனையே.

2023 டிசம்பர் 17, 18 தேதிகள் நெல்லை, தூத்துக்குடிக்காரங்க யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டி ஓடியது. குறுக்குத்துறை முருகன் கோவில் மூழ்கியது, திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணி, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோட சிக்கி நின்னது. இதெல்லாம் நியூஸ்ல பார்த்திருப்பீங்க. நியூஸ்ல வராத ஒண்ணு சொல்றேன். வெள்ளம் தெருவுல நிக்கும்போது செப்டிக் டேங்க்கும் நிரம்பும், கிணறும் நிரம்பும், போர் வாய்க்குள்ளயும் தண்ணி இறங்கும். தண்ணி வடிஞ்சப்புறம் பார்த்தா மூணும் ஒண்ணோட ஒண்ணு கை குலுக்கி முடிச்சிருக்கும்.

ஆனா வெள்ளம் வந்தாத்தான் இது நடக்கும்னு நினைக்காதீங்க. வெள்ளம் ஒரே நாள்ல பண்றதை, நம்ம தெரு அமைப்பு வருஷம் முழுக்க மெதுவா பண்ணிக்கிட்டே இருக்கு.

எங்க சித்தப்பா பாளையங்கோட்டைக்குத் தெற்கே 5 சென்ட் இடம் வாங்கி வீடு கட்ட ஆரம்பிச்சாரு. முன்னாடி வயக்காடா இருந்து பிளாட் போட்ட இடம். நான் சென்னையில இருந்து லீவுக்குப் போனப்ப, என்கிட்ட பிளானைக் காட்டுனாரு. ரூம் எல்லாம் அருமையா இருந்துச்சு. போர் வடகிழக்கு, அதாவது ஈசானி மூலை. செப்டிக் டேங்க் வடமேற்கு, வாயு மூலை. வாஸ்துப்படி கரெக்ட். மேஸ்திரிக்கும் சந்தோஷம், ஆச்சிக்கும் சந்தோஷம்.

இப்ப கணக்குப் பாருங்க. 5 சென்ட்ங்கிறது சுமார் 2,178 சதுர அடி. 40 அடிக்கு 54 அடின்னு வச்சுக்கோங்க. வடக்குப் பக்கம் 40 அடி. மூலையில இருந்து கொஞ்சம் கொஞ்சம் விட்டா, போருக்கும் செப்டிக் டேங்க்குக்கும் நடுவுல 30 அடிதான் வரும். செப்டிக் டேங்க்குக்குன்னே இந்திய தர நிர்ணயம் ஒண்ணு இருக்கு, ஐ.எஸ். 2470. டேங்க்குல இருந்து வெளிய வர்ற கழிவுநீர் மண்ணுக்குள்ள இறங்குற இடம், குடிநீர்க் கிணத்துல இருந்து குறைஞ்சது 18 மீட்டர் தள்ளி இருக்கணும்னு அது சொல்லுது. 18 மீட்டர்னா 59 அடி. நம்ம இடத்துல மூலைக்கு மூலை குறுக்கே அளந்தாலே 67 அடிதான்.

இதுகூடப் பரவாயில்ல. மேற்குப் பக்கத்து வீட்டை யோசிச்சுப் பாருங்க. அவங்களும் வாஸ்து பார்த்துத்தான் கட்டியிருக்காங்க. அவங்க ஈசானி மூலை எங்க வரும்? நம்ம வாயு மூலைக்கு ஒட்டி! காம்பவுண்ட் சுவருக்கு இந்தப் பக்கம் நம்ம செப்டிக் டேங்க், அந்தப் பக்கம் அவங்க போர். பத்தடி கூட இருக்காது. அதே மாதிரி நம்ம போருக்குக் கிழக்கே ஒட்டியிருக்கறது அடுத்த வீட்டு செப்டிக் டேங்க். தெரு முழுக்க எல்லாரும் ஒரே சாஸ்திரத்தை ஒழுங்காக் கடைப்பிடிச்சா, ஒவ்வொருத்தர் கழிவும் அடுத்தவங்க போருக்குப் பக்கத்துல போய் உக்காரும். நான் வாஸ்துவைக் கிண்டல் பண்ணலை. வீடுகள் தள்ளித் தள்ளி இருந்த காலத்துல 'கிணறு ஒரு பக்கம், கழிவு ஒரு பக்கம்'னு சொன்னது நல்ல யோசனைதான். 5 சென்ட் பிளாட்டு அந்தக் கணக்குல இல்லை, அவ்வளவுதான்.

மேற்கு வீட்டு அண்ணாச்சிகிட்ட சித்தப்பாதான் பேச்சை எடுத்தாரு. "அண்ணாச்சி, குழி தோண்டறதுக்கு முன்னாடி உங்க போர் தண்ணிய ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோமா? பின்னாடி ஒரு பேச்சு வரக் கூடாதுல்லா."

"என்னத்துக்குத் தம்பி? பன்னெண்டு வருஷமா இதத்தான் குடிக்கோம். இளநீ மாதிரி இருக்கும். மீட்டர் வச்சுகூடப் பாத்தாச்சு, முந்நூறுதான் காட்டுது."

அந்த மீட்டர் கதையை இங்க கொஞ்சம் நிறுத்திப் பேசணும். டிடிஎஸ் மீட்டர் காட்டுறது தண்ணியில கரைஞ்சிருக்கற உப்புகளோட அளவு, அவ்வளவுதான். கிருமியை அது பார்க்காது. எந்த உப்புன்னும் அதுக்குத் தெரியாது. குடிநீருக்கான தரம் ஐ.எஸ். 10500-ல் டிடிஎஸ் 500 வரைக்கும் சரி, வேற தண்ணியே கிடைக்காத இடத்துல 2,000 வரைக்கும் ஏத்துக்கலாம்னு இருக்கு. அதே தரத்துல நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல போகவே கூடாது, அதுல தளர்வே கிடையாது. ஈ-கோலை பாக்டீரியா 100 மில்லி தண்ணியில ஒண்ணுகூட இருக்கக் கூடாது. 300 டிடிஎஸ் உள்ள தண்ணியில இந்த ரெண்டுமே தப்பா இருக்கலாம், மீட்டர் பச்சை விளக்கு காட்டிக்கிட்டே இருக்கும். ருசியும் அப்படித்தான்.

அண்ணாச்சி வீட்டுல பொண்ணு பேறுகாலத்துக்கு வந்து, ரெண்டு மாசக் குழந்தையோட இருந்துச்சு. தாய்ப்பால் பத்தலைன்னு புட்டிப்பாலும் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. பால் பவுடர் கலக்கறது போர் தண்ணியில, நல்லா கொதிக்க வச்சு. இதைக் கேட்டதும்தான் எனக்கு பக்குன்னு ஆச்சு. கொதிக்க வச்சா கிருமி சாகும், சரி. நைட்ரேட் போகாது. தண்ணி ஆவியாகிக் குறையுறதால அதோட அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆறு மாசத்துக்கு உள்பட்ட குழந்தைக்கு நைட்ரேட் அதிகமாப் போனா, ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்குற திறன் குறையும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். பெரியவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. 'எங்களுக்கு என்ன கெட்டுப் போச்சு'ங்கிற பேச்சு இந்த இடத்துலதான் உதவாது.

நைட்ரேட் எங்க இருந்து வருது? வயலுக்குப் போடுற உரத்துல இருந்து வரலாம். இன்னொரு வழி நம்ம கழிவு. சிறுநீர்ல இருக்கற நைட்ரஜன் மண்ணுக்குள்ள போய் நைட்ரேட்டா மாறும். அது தண்ணியோட சேர்ந்து எவ்வளவு தூரம்னாலும் போகும், மண்ணு அதை வடிகட்டாது. கிருமியை மண்ணு ஓரளவு பிடிச்சு வைக்கும். ஆனா நம்ம ஊர் கீழ பாறை. போர் தண்ணி வர்றதே பாறை வெடிப்பு வழியாத்தான். கழிவு அந்த வெடிப்பைப் பிடிச்சிடுச்சுன்னா நடுவுல வடிகட்டி எதுவும் இல்லை.

சரி, டெஸ்ட் எப்படி? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத் தலைநகரங்கள்ல ஆய்வகம் இருக்கு, கட்டணம் கட்டி நம்மளும் குடுக்கலாம். முதல்ல போன் பண்ணி, எந்த நாள், எவ்வளவு காசு, என்ன பாட்டில்னு கேட்டுட்டுப் போங்க. ரசாயன டெஸ்ட்டுக்குச் சுத்தமான 2 லிட்டர் கேன் போதும். பாக்டீரியா டெஸ்ட்டுக்கு ஸ்டெரைல் பாட்டில் வேணும், அதைக் கடையில வாங்குற தண்ணி பாட்டில்ல ஒப்பேத்தாதீங்க. மோட்டாரை அஞ்சு பத்து நிமிஷம் ஓட விட்டு, குழாய் வாயைத் துடைச்சு, பாட்டில் கழுத்துலயும் மூடி உள்பக்கமும் கை படாமப் பிடிக்கணும். ஓவர்ஹெட் டேங்க்ல இருந்து பிடிச்சா டேங்க்கோட அழுக்கைத்தான் டெஸ்ட் பண்ணுவீங்க. ஐஸ் போட்ட டப்பாவுல வச்சு அன்னைக்கே கொண்டு போய்க் குடுத்துருங்க.

வீட்டுலயே பார்க்கணும்னா எச்.டு.எஸ். குப்பின்னு ஒண்ணு கிடைக்கும். தண்ணியை ஊத்தி ஒரு நாள், ரெண்டு நாள் வச்சா, மலக் கலப்பு இருந்தா கருப்பாயிடும். 1982-ல மஞ்சாவும் அவரோட சேர்ந்தவங்களும் இந்தியாவுல கண்டுபிடிச்ச முறை இது, இப்ப உலகம் பூரா உபயோகப்படுத்துறாங்க. கருப்பானா உடனே நிறுத்துங்க. கருப்பாகலைன்னா அதை மட்டும் நம்பி நிம்மதியாயிடாதீங்க, லேப் ரிப்போர்ட்டும் வேணும். நேரம் சொல்லணும்னா, ஒரு டெஸ்ட் கோடையில, ஒண்ணு ஐப்பசி கார்த்திகை மழையில. பிசானத்துக்கு வாய்க்கால்ல தண்ணி ஓடும்போது நிலத்தடி நீர் மேல ஏறி வரும், அப்பத்தான் கழிவுக்கும் போருக்கும் தூரம் குறையும்.

அண்ணாச்சி வீட்டு ரிப்போர்ட்ல நைட்ரேட் 45-ஐத் தாண்டி இருந்துச்சு, ஈ-கோலையும் இருந்துச்சு. எங்க குழி இன்னும் தோண்டவே இல்லைங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க. அன்னைக்கே குழந்தைக்கு ஆர்.ஓ. தண்ணி மாத்திட்டாங்க. ஆர்.ஓ. நைட்ரேட்டைப் பெரும்பாலும் பிடிக்கும், வெறும் யு.வி. ஃபில்டர் பிடிக்காது. குழந்தைக்கு ஒண்ணும் ஆகலை.

அப்ப யார் கழிவு அது? அண்ணாச்சி பெருமையா ஒண்ணு சொன்னாரு: "நம்ம செப்டிக் டேங்க்குக்கு இதுவரைக்கும் லாரியே கூப்பிட்டதில்ல." இந்த வார்த்தையை நீங்க உங்க வீட்டுலயும் கேட்டிருப்பீங்க. நல்லா கட்டுன டேங்க்குல ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அடியில சேர்ற கசடை எடுத்தே ஆகணும். பன்னெண்டு வருஷமா நிரம்பலைன்னா அது செப்டிக் டேங்க் இல்லை. அடியில பூச்சில்லாம ரிங் இறக்கி மூடின குழி. உள்ள போறது எல்லாம் மண்ணுக்குள்ள போயிடுது. நம்ம ஊர்ல செப்டிக் டேங்க்னு பேர் வச்சிருக்கறதுல நிறைய இப்படித்தான்.

நிஜ டேங்க்னா என்ன? தண்ணி கசியாத பெட்டி. அஞ்சு பேருக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீர் ஆழம்னு ஐ.எஸ். 2470 சொல்லுது. பத்து பேருக்கு 2 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம். சித்தப்பா வீட்டுல நாலு பேருதான், ஆனா கொடை, கல்யாணம்னா இருபது பேர் வந்து இறங்குவாங்க, அதனால பத்து பேர் கணக்குக்கே போனோம். 2,000 லிட்டருக்கு மேல போனா நடுவுல சுவர் வச்சு ரெண்டு அறையாக்கணும், முதல் அறை மூணுல ரெண்டு பங்கு. உள்ள வர்ற பைப்லயும் வெளிய போற பைப்லயும் 'டி' போடணும், இல்லைன்னா மேல மிதக்குற ஆடை நேரா வெளிய போயிடும். கட்டி முடிச்சதும் தண்ணி நிரப்பி ஒரு நாள் விட்டு மட்டம் குறையுதான்னு பாருங்க. கொத்தனார் "அதெல்லாம் தேவையில்ல சார்"ம்பாரு. பரவாயில்லை, நிரப்புங்க. மூடி மேல டைல்ஸ் ஒட்டிடாதீங்க.

டேங்க்கை விட்டு வெளிய வர்ற தண்ணியும் சுத்தமானது இல்லை. அது எங்க போகணும்ங்கிறதுக்கு மண்ணைக் கேக்கணும். ஒரு குழி தோண்டி, ராத்திரி தண்ணி ஊத்தி ஊற விட்டு, மறுநாள் திரும்ப ஊத்தி ஒரு இஞ்ச் குறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆனா உறிஞ்சு குழி அங்க வேலைக்கு ஆகாது. மழைக்காலத்துல ஆறடிக்குள்ள தண்ணி நின்னாலும் ஆகாது. எங்க பிளாட்டுல ரெண்டாவது பிரச்சனை, பழைய வயல்லயா!

கடைசியா என்ன பண்ணோம்னா, டேங்க் வாயு மூலையிலயே இருக்கட்டும்னு விட்டோம், கசியாத பெட்டி எங்க இருந்தா என்ன, ஆச்சிக்கும் நிம்மதி. அதுல இருந்து பைப் போட்டு தென்மேற்குப் பக்கம், ரோட்டை ஒட்டி, தரைக்கு மேல கட்டுன ஜல்லிப் படுகைக்குக் கொண்டு போனோம். அடியில பூச்சு, மேல கல்வாழை. எங்க போருக்கு 59 அடி கிடைச்சுது. அண்ணாச்சி போருக்கு 50-தான். மீதி 9 அடிக்கு இடமில்லை. அதனால போருக்குக் கேசிங் பைப்பைக் கெட்டிப் பாறை வரைக்கும் இறக்கி, சுத்தி சிமென்ட் அடைச்சு, வாயைத் தரையில இருந்து ரெண்டு அடி உயர்த்தியாச்சு. குடிக்கறது குழாயில வர்ற தாமிரபரணி தண்ணி, போர் துவைக்கவும் செடிக்கும்.

அண்ணாச்சி இன்னும் ரிங் குழியை மாத்தலை. "தை பொறக்கட்டும்"னு சொல்லியிருக்காரு. கிழக்கு வீட்டுக்காரங்க டெஸ்ட்டுக்கே ஒத்துக்கலை.

லாரி பத்தி ஒண்ணு. எந்தக் காரணத்துக்கும் டேங்க்குக்குள்ள ஆளை இறக்காதீங்க, விஷவாயு ஒரு மூச்சுல ஆளை முடிச்சிடும். 2013 சட்டப்படி அது குற்றம். இப்படிச் செத்தவங்க குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு குடுக்கணும்னு 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. லைசென்ஸ் உள்ள லாரிக்கு 14420-க்கு அடிங்க. எங்க கொண்டு போய்க் கொட்டுவீங்கன்னும் கேளுங்க. நெல்லையில ராமையன்பட்டியில சுத்திகரிப்பு நிலையம் இருக்கு, ராத்திரியில வாய்க்கால்லயும் குளத்துலயும் திறந்து விடறதுக்கு லாரி தேவையில்லை. ஆத்துல சாக்கடை கலக்கறதைப் பார்க்க 2024 நவம்பர்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேர்ல வந்தாங்க. அந்த ஆத்துத் தண்ணியைத்தான் நாம குழாயில குடிக்கோம்.

திறந்த கிணறு இருக்கறவங்களுக்கு: வெள்ளம் வந்து போனா கலங்கல் தெளியற வரைக்கும் இறைங்க, ஆனா ஒரேயடியா இறைக்காதீங்க, ஊறின மண்ணுல சுவர் சரிஞ்சிடும். அப்புறம் குளோரின். சாதாரண நாள்ல 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல ப்ளீச்சிங் பவுடர் கணக்கு. 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணின்னா சுமார் 28,000 லிட்டர், 70 கிராம். வெள்ளத்துக்கு அப்புறம் அது பத்தாது, அளவை சுகாதார ஆய்வாளர்கிட்ட கேட்டுப் போடுங்க, போட்டு முடிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணுங்க.

உங்க வீட்டு போருக்கும் பக்கத்து வீட்டுக் குழிக்கும் எத்தனை அடின்னு இந்த ஞாயித்துக்கிழமை டேப் வச்சு அளந்து எனக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.